2001 செப்டம்பரின் அந்த ஒரு வாரம்: எதைத் தேடினார்கள், ஏன் தேடினார்கள்?

கேள்வி இதுதான்: “இந்த வாரம் இணையத்தில் அதிகம் தேடப்பட்டவை என்று அடிக்கடி ஒரு பட்டியல் வருகிறது. அதை வைத்து மக்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிட முடியுமா? அந்தப் பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள்?”

கொஞ்ச தூரம் சொல்லலாம். ஆனால் பட்டியலில் இருக்கும் சொல்லை மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சொல்லை அடித்தவரிடம் அந்த நேரத்தில் எது இல்லாமல் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். கையில் இருப்பதை யாரும் தேடுவதில்லை. இதைப் பொதுவாகச் சொன்னால் விளங்காது என்பதால் 2001 செப்டம்பர் 11 வந்த வாரத்தை எடுத்துக்கொள்கிறேன். தேடுபொறிகள் பற்றிப் படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற வாரம் அது. அன்று மாலை நானும் திருநெல்வேலியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தேன் என்பது இன்னொரு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. நியூயார்க் நேரப்படி காலை 8.46-க்கு உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம் மோதியது. 9.03-க்குத் தெற்குக் கோபுரத்தில் இரண்டாவது விமானம். 9.37-க்கு வாஷிங்டன் பக்கம் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் மூன்றாவது. நான்காவது விமானம் 10.03-க்குப் பென்சில்வேனியாவில் ஒரு வயல்வெளியில் விழுந்தது. அதற்குள் தெற்குக் கோபுரம் சரிந்துவிட்டது, 10.28-க்கு வடக்குக் கோபுரமும் சரிந்தது. நம் ஊர்க் கணக்கில் மாலை 6.16-க்குத் தொடங்கி, இரவு எட்டு மணி அடிப்பதற்குள் இரண்டு கோபுரமும் இல்லை. 2,977 பேர் உயிரிழந்தார்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆபீஸ் தொடங்குகிற நேரம் அது. லட்சக்கணக்கானவர்கள் அப்போதுதான் மேசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, டிவி இல்லை. ஏதோ நடந்துவிட்டது என்று பக்கத்து மேசைக்காரர் சொல்கிறார். உடனே என்ன செய்வார்கள்? சிஎன்என் தளத்துக்குப் போவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போனதால் அந்தத் தளம் திறக்கவில்லை. மற்ற பெரிய செய்தித் தளங்களும் அப்படியே திணறின. சிஎன்என் தன் முகப்புப் பக்கத்திலிருந்து படம், விளம்பரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் எழுத்தை மட்டும் வைத்துச் சமாளிக்கப் பார்த்தது.

தளம் திறக்காதவர்கள் அடுத்ததாகக் கூகுளுக்கு வந்தார்கள். வந்து “சிஎன்என்” என்று அடித்தார்கள். அன்று காலை உச்ச நேரத்தில் அந்த ஒரு சொல் மட்டும் நிமிஷத்துக்குச் சுமார் 6,000 முறை தேடப்பட்டது. செய்தி தொடர்பான தேடல்கள் முந்தின நாளைவிட 60 மடங்கு கூடின. கூகுள் பிறகு வெளியிட்ட கணக்கில் அன்றைய பெரிய தேடல்களாக வந்தவை சிஎன்என், உலக வர்த்தக மையம், பிபிசி, எம்எஸ்என்பிசி, பென்டகன், ஒசாமா பின் லாடன், அப்புறம் நோஸ்ட்ராடாமஸ் என்ற பழைய காலத்து ஜோசியர்.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் படித்தால், அன்று மக்கள் மனதில் முதலில் இருந்தது ஒரு டிவி சேனல் என்று ஆகிவிடும். உண்மையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் “கதவு திறக்கவில்லை, வேறு வழி இருக்கிறதா?” என்பதுதான். தேடலை ஆராய்கிறவர்கள் இதற்கு ஒரு பாகுபாடு வைத்திருக்கிறார்கள். ஆந்த்ரே பிராடர் என்ற ஆய்வாளர் 2002-இல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார். ஓர் இடத்துக்குப் போவதற்கான தேடல், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்கான தேடல், ஒரு காரியத்தை முடிப்பதற்கான தேடல். முதல் வகைதான் “சிஎன்என்”. இன்றைக்கும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யூடியூப், ஃபேஸ்புக் மாதிரியான பெயர்கள்தான் உலகம் முழுக்க முன்னணியில் நிற்கும். முகவரியை முழுசாக அடிக்கச் சோம்பல்பட்டு, பெயரை மட்டும் அடித்து உள்ளே போகிறவர்கள் அவ்வளவு பேர். அதனால்தான் வெளியாகிற பட்டியல்களில் இந்தப் பெயர்களைப் பெரும்பாலும் பார்க்க முடியாது.

இங்கே பட்டியல் தயாரிக்கிற முறைக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இதில்தான். மளிகைக் கடையில் வருஷம் முழுக்க உப்பும் பருப்பும் போகும். தீபாவளிக்கு முந்தின வாரம் “இந்த வாரம் எது அதிகம் போனது?” என்று கேட்டால் கடைக்காரர் உப்பைச் சொல்ல மாட்டார், கடலை மாவும் டால்டாவும் போயிற்று என்பார். போன வாரத்தோடு ஒப்பிட்டு எது திடீரென்று ஏறியதோ அதைத்தான் சொல்வார். தேடல் பட்டியல்களும் பெரும்பாலும் அப்படித்தான். கூகுள் 2001-இல் “ஸைட்கைஸ்ட்” என்ற பெயரில் இப்படிப்பட்ட பட்டியல்களை வெளியிடத் தொடங்கியது. காலத்தின் மனநிலை என்று பொருள்படும் ஜெர்மன் சொல் அது. அதில் வந்தவை ஏறுமுகச் சொற்களும் இறங்குமுகச் சொற்களும். அந்த ஆண்டு முழுமைக்குமான ஏறுமுகப் பட்டியலில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? நோஸ்ட்ராடாமஸ். இரண்டாவது சிஎன்என், மூன்றாவது உலக வர்த்தக மையம், அதற்குப் பிறகு ஹாரி பாட்டர், ஐந்தாவது ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி.

லைகோஸ் என்ற இன்னொரு தேடுபொறி 1999-இலிருந்தே வாரம் ஒருமுறை 50 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டு வந்தது. 2001-இல் அதில் மேலேயே நின்றது டிராகன்பால் என்ற ஜப்பானியக் கார்ட்டூன். அந்தப் பட்டியலிலும் ஆபாசத் தேடல்களையும் கம்பெனிப் பெயர்களையும் எடுத்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள். ஆக, எந்தப் பட்டியலும் சலித்த மாவுதான். என்ன சல்லடை என்று தெரியாமல் மாவைப் பற்றிப் பேச முடியாது.

சரி, நோஸ்ட்ராடாமஸ் எப்படி வந்தார்? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மிஷெல் தெ நோஸ்ட்ரெடாம் என்பது அவருடைய நிஜப் பெயர், 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர். 1503-இல் பிறந்து 1566-இல் இறந்தார். 1555-இல் நாலு வரிப் பாட்டுகளாக எதிர்காலக் குறிப்புகளை வெளியிட ஆரம்பித்தார். எந்தப் பாட்டிலும் எதுவும் நேராக இருக்காது. கோபுரங்கள் விழுந்த சில மணி நேரத்தில் மின்னஞ்சல்களில் ஒரு பாட்டு பறக்க ஆரம்பித்தது. கடவுளின் நகரத்தில் பெரும் இடி முழங்கும், இரண்டு சகோதரர்கள் குழப்பத்தில் பிளந்துபோவார்கள், கோட்டை தாக்குப்பிடிக்கும்போது பெரிய தலைவர் வீழ்வார் என்கிற மாதிரி வரிகள். கடைசியில், பெரிய நகரம் எரியும்போது மூன்றாவது பெரும் போர் தொடங்கும் என்று ஒரு வரி. கீழே “நோஸ்ட்ராடாமஸ், 1654” என்று கையெழுத்து மாதிரி.

1654 என்றால் அவர் இறந்து 88 வருஷம் ஆகியிருக்கிறது. பாட்டின் முதல் பகுதியை எழுதியவர் 1990-களில் கனடாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவர். நோஸ்ட்ராடாமஸ் பாட்டுகள் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்குகிற ஒரு கட்டுரையில், மங்கலான வார்த்தைகளை அடுக்கினால் எந்தச் சம்பவத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்று காட்டுவதற்காகத் தானே இட்டுக்கட்டிய உதாரணம் அது. போரைப் பற்றிய வரியை வேறு யாரோ பிறகு ஒட்டியிருக்கிறார்கள். எதைக் கண்டித்து எழுதினாரோ, அதற்கே அவருடைய வரிகள் சாட்சியாகப் போய் நின்றன. இன்னொரு மின்னஞ்சலில், வானத்திலிருந்து அச்சத்தின் பேரரசன் வருவான் என்ற பாட்டு. அது நோஸ்ட்ராடாமஸின் நிஜப் பாட்டுதான். ஆனால் அதில் அவர் எழுதியது 1999-ஆம் ஆண்டு, ஏழாவது மாதம். மின்னஞ்சலில் வந்தபோது புது நூற்றாண்டு, ஒன்பது மாதம் என்று மாறியிருந்தது.

அந்த வாரம் நோஸ்ட்ராடாமஸ் புத்தகங்கள் அமேசான் விற்பனையில் உச்சிக்குப் போயின. இதை வைத்துப் படித்த நாட்டில் இவ்வளவு மூடநம்பிக்கையா என்று அப்போது பலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது, அதில் வயிற்றைக் கலக்குகிற ஒரு பாட்டு. நம்பினாலும் தேடுவீர்கள், சந்தேகப்பட்டாலும் தேடுவீர்கள், “யார் இந்த ஆள்?” என்று தெரியாவிட்டாலும் தேடுவீர்கள். மூன்று பேரும் அடிக்கிற சொல் ஒன்றுதான். பட்டியல் மூன்று பேரையும் ஒரே குவியலில் போட்டு எண்ணுகிறது. புத்தகம் வாங்கியவர்கள் வேறு கணக்கு. தேடியவர்களில் எத்தனை பேர் நம்பினார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு துளி ஆதாரமும் கிடையாது.

ஆந்த்ராக்ஸ் கதை வேறு. அந்த நுண்ணுயிரைப் பொடியாக உள்ளே வைத்து அமெரிக்காவில் அனுப்பப்பட்ட கடிதங்களின் முதல் தொகுதியில் செப்டம்பர் 18 தபால் முத்திரை இருந்தது. முதல் மரணம் அக்டோபர் 5-இல்தான். ஆகவே அந்தத் தேடல் பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகு ஏறியது. வருஷப் பட்டியலில் உலக வர்த்தக மையமும் ஆந்த்ராக்ஸும் சேர்ந்து நிற்பதால் ஒரே பயம் மாதிரி தெரியும். வாரம் வாரமாகப் பிரித்தால்தான் ஒரு பயம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிடிபடும். வாரப் பட்டியலுக்கு நான் மதிப்புக் கொடுப்பது இதற்காகத்தான்.

இப்போது அந்தப் பக்கத்துக் கதை. தேடியவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஏறக்குறைய ஒன்றும் கிடைக்கவில்லை. 2001-இல் கூகுள் இணையப் பக்கங்களைத் திரட்டி அட்டவணை போடுவது சுமார் மாதத்துக்கு ஒரு தடவை. நிரல் ஒன்று பக்கம் பக்கமாகப் போய் எல்லாவற்றையும் சேகரித்துக்கொண்டு வரும். எந்தப் பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்று கணக்குப் போடும். பிறகு மொத்த அட்டவணையும் புதிதாக ஏறும். அந்த நாட்களில் தளம் நடத்துகிறவர்கள் மாதா மாதம் அதற்காகக் காத்திருப்பார்கள். அப்படியென்றால் செப்டம்பர் 11 அன்று கூகுளில் தேடியவர் பார்த்தது சில வாரங்களுக்கு முந்தைய உலகம். அங்கே கோபுரங்கள் இரண்டும் நின்றுகொண்டிருந்தன. அதோடு இன்னொரு சிக்கல். இணைப்புகளை எண்ணித் தரம் பிரிக்கிற முறையில், பத்து நிமிஷத்துக்கு முன் பிறந்த செய்திக்கு யாரும் இன்னும் இணைப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய செய்தியானாலும் அது கடைசி வரிசையில்தான் நிற்கும்.

கூகுளில் இருந்தவர்களுக்கு இது உடனே உறைத்தது. அன்று முகப்புப் பக்கத்திலேயே ஓர் அறிவிப்பு வைத்தார்கள். செய்தி வேண்டுமென்றால் டிவியிலும் வானொலியிலும்தான் புதிய தகவல் கிடைக்கும், பல செய்தித் தளங்கள் கூட்டத்தால் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அன்று காலை சேமித்து வைத்த செய்திப் பக்கங்களின் நகல்களுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். ஒரு தேடுபொறி தன்னிடம் வந்தவர்களை டிவி பார்க்கப் போகச் சொன்னது. எனக்கு அந்த அறிவிப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு. தன்னால் முடியாததை அந்த நேரத்தில் மறைக்காமல் சொன்னார்கள். மக்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். பிறகு எடுத்த கருத்துக்கணிப்பில், செய்தியைப் பெரும்பாலும் டிவியில்தான் தெரிந்துகொண்டோம் என்று அமெரிக்கர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சொன்னார்கள்.

அந்த வாரம் கிருஷ்ணா பரத் என்ற கூகுள் ஆய்வாளர் நியூ ஆர்லியன்ஸில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். பெங்களூர்க்காரர், நம் சென்னை ஐஐடியில் பொறியியல் படித்தவர். நாடு முழுவதும் விமானங்கள் நிறுத்தப்பட்டதால் மாநாட்டுக்கு வந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். எல்லோரையும் போல அவரும் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தாவித் தாவிச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். ஒரே சம்பவத்தைப் பற்றிப் பல பத்திரிகைகள் எழுதியதை ஒரு கட்டாகச் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற யோசனை அப்படி வந்தது. இணைப்புகளை எண்ணுவதற்குப் பதிலாக, இந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பத்திரிகைகள் இதை எழுதியிருக்கின்றன, முதல் பக்கத்தில் போட்டிருக்கின்றனவா, எவ்வளவு புதியது என்று பார்க்கலாம். பழைய முறையில் தடையாக இருந்த “புதியது” என்கிற தன்மை இந்தக் கணக்கில் தகுதியாக மாறியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2002 செப்டம்பரில், சுமார் 4,000 செய்தித் தளங்களைத் திரட்டிக்கொண்டு கூகுள் நியூஸ் வெளிவந்தது. பின்னால் தமிழுக்கும் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை “உலக வர்த்தக மையம்” என்று அடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தாமதமாகக் கிடைத்த பதில் அது என்று நான் நினைப்பதுண்டு.

பட்டியலை எப்படிப் படிக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு வாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாமா என்று பிரிட்டனில் பொது வாக்கெடுப்பு நடந்தது. 51.9 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். எந்தச் சொல் எப்போது எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டுகிற கூகுள் டிரெண்ட்ஸ் என்ற சேவை மறுநாள் ஒரு தகவல் வெளியிட்டது: முடிவு வந்த பிறகு ஐரோப்பிய ஒன்றியம் பற்றி பிரிட்டனில் கேட்கப்பட்ட கேள்விகளில் இரண்டாவது இடத்தில் இருப்பது “ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன?” என்பது. அவ்வளவுதான் சொன்னார்கள். அடுத்த சில மணி நேரத்தில் உலகப் பத்திரிகைகள் எல்லாம், பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டுப் போட்டுவிட்டு இப்போதுதான் அது என்னவென்று தேடுகிறார்கள் என்று தலைப்புப் போட்டுவிட்டன.

விளம்பரதாரர்களுக்காகக் கூகுள் தருகிற எண்ணிக்கையை எடுத்துச் சிலர் கணக்குப் பார்த்தார்கள். அதற்கு முந்தின மே மாதத்தில் அந்தக் கேள்வி மாதம் முழுக்கச் சுமார் 8,100 தடவை தேடப்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு 260 பக்கம். அது பல மடங்கு ஏறினாலும் ஆயிரம் பேர் அளவில்தான் வரும். வாக்களித்தவர்கள் மூன்றேகால் கோடிக்கும் மேல். அந்த ஆயிரத்திலும் யார் ஓட்டுப் போட்டவர், யார் வீட்டுப்பாடம் எழுதுகிற பள்ளிப் பிள்ளை, யார் பிள்ளைக்கு விளக்குவதற்காகச் சரியான வார்த்தை தேடிய அப்பா என்று ஒன்றும் தெரியாது. ஒரு நாட்டையே முட்டாளாக்கிய தலைப்பு இத்தனை சின்னக் காலில் நின்றது. எனக்கு இது இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தலைப்பு நினைவில் இருக்கிறவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

கூகுள் டிரெண்ட்ஸில் வருகிற 100 என்கிற எண்ணும் இதே மாதிரி ஏமாற்றும். ஒரு சொல் எந்த நாளில் உச்சத்தைத் தொட்டதோ அந்த நாளுக்கு 100 என்று வைத்து, மற்ற நாட்களை அதற்கு ஏற்றபடி குறிப்பார்கள். அதுவும் மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு மாதிரியெடுப்பிலிருந்து போடுகிற கணக்கு. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு ஆயிரம் பேர் வருவார்கள். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று பல லட்சம் பேர் வருவார்கள். தனித்தனியாக வரைபடம் போட்டால் இரண்டு நாளுக்குமே 100 என்றுதான் வரும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டு ஒப்பிட்டால்தான் எங்கள் ஊர்க் கொடை தரையோடு தரையாகப் போகும். “5,000 சதவீதம் உயர்வு” என்று செய்தியில் படித்தால், எதிலிருந்து உயர்ந்தது என்று கேளுங்கள். இரண்டிலிருந்து நூறு ஆனாலும் கிட்டத்தட்ட அதுதான்.

கூகுளே இந்தக் குழியில் விழுந்திருக்கிறது. எந்தப் பகுதியில் ஃப்ளூ காய்ச்சல் பரவுகிறது என்பதைத் தேடல்களை வைத்தே கணிக்கலாம் என்று 2008-இல் ஒரு சேவை தொடங்கினார்கள். முதலில் நன்றாகப் போயிற்று. 2012–13 குளிர்காலத்தில் நிஜத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. செய்திகளில் காய்ச்சல் பயம் ஏறியபோது காய்ச்சல் இல்லாதவர்களும் தேடியதுதான் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2015-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

நிஜமான எண்ணிக்கை வேண்டும் என்றால் நான் போவது விக்கிப்பீடியாவுக்கு. எந்தப் பக்கத்தை எந்த நாளில் எத்தனை தடவை திறந்தார்கள் என்பதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் வாராவாரம் அதிகம் பார்க்கப்பட்ட 25 பக்கங்களைத் தன்னார்வலர்கள் தொகுத்து, ஏன் ஏறியது என்று ஒரு குறிப்பும் எழுதுகிறார்கள். கைபேசியிலிருந்து பார்த்தவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லாத பக்கம், அல்லது கைபேசியிலிருந்து மட்டுமே பார்க்கப்பட்ட பக்கம் என்றால் அது மனிதர்கள் பார்த்ததாக இருக்காது என்று எடுத்துவிடுவார்கள். அங்கேயும் சல்லடை உண்டு. ஆனால் சல்லடையின் கண் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் நியூ ஜெர்சி பக்கம் ஜெர்சி சிட்டியில் சாப்ட்வேர் வேலையில் இருந்தார். ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜெர்சி சிட்டி, அந்தப் பக்கம் அந்தக் கோபுரங்கள். அங்கிருந்து ஆற்றுக்கு அடியில் போகிற ரயில் கோபுரங்களுக்குக் கீழேயே போய் நிற்கும். அதில் அவர் போய்வந்ததாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தது பெரியம்மாவுக்கு நினைவிருந்தது. போன் கிடைக்கவில்லை. டிவியில் திரும்பத் திரும்ப அதே காட்சி. “ஏய்யா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன், அவன் ஆபீஸு எங்கன இருக்குன்னு அதுல தெரியுமாம்லா” என்று என்னிடம் சொன்னார்கள்.

ஜங்ஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு 30 ரூபாய். போன் லைன் வழியாக வருகிற இணையம், ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிஷம். முதலில் “உலக வர்த்தக மையம்” என்று ஆங்கிலத்தில் அடித்தேன். வந்தது சுற்றுலாப் பக்கம். தெற்குக் கோபுரத்தின் 107-ஆவது மாடியிலிருந்து ஊரைப் பார்க்கலாம், வாருங்கள் என்று இருந்தது. அப்போது அந்தக் கோபுரம் விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஏன் அப்படி வந்தது என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் அவருடைய பெயரை அடித்தேன். கம்பெனி பெயரைச் சேர்த்து அடித்தேன். ஊர்ப் பெயரைச் சேர்த்து அடித்தேன். எழுத்துக்கூட்டலை மாற்றி அடித்தேன். எந்தப் பட்டியலிலும் வராத தேடல்கள் இவை. அந்த வாரம் உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு பெயரை அடித்திருப்பார்கள். ஒரு பெயரை அடித்தவர்கள் ஐந்து பேர், மிஞ்சினால் ஐம்பது பேர். சிஎன்என்னை லட்சக்கணக்கானவர்கள் அடித்தார்கள், அதனால் அது மேலே நின்றது. தினமும் வருகிற தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதற்கு முன் யாருமே தேடாதவை என்று கூகுள் சொல்லியிருக்கிறது. அந்த வாரம் அதில் பெரும்பகுதி பெயர்களாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பெயர்களைத் தேடுகிறவர்களுக்கென்றே கூகுள் தனியாக ஒரு வசதி செய்தது 2010 ஜனவரியில், ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது. காணாமல் போனவரைப் பற்றிக் கேட்பவரும், பார்த்தேன் என்று சொல்பவரும் ஒரே இடத்தில் பதியலாம்.

எட்டே முக்கால் மணிக்கு வெளியே வந்தபோது பெரியம்மா சென்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இருக்க முடியாமல் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் என்ன சொன்னது என்று கேட்டார்கள். அதில் இன்னும் ஏறவில்லை பெரியம்மா என்றேன். வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அவர்கள் வீட்டு போன் அடித்தது. தெருவில் இருந்த நாங்கள் எல்லோருமே எழுந்துவிட்டோம். அவர் அந்த வாரம் இரவு வேலையில் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.